ஓர் இரவு கேட்கும் சிவப்பு

சித்தூர் மாவட்டத்தின் கங்காதர நெல்லூர், பெனுமூர், பாலசமுத்திரம் வட்டாரங்களில் வீட்டில் அரைத்து இட்ட மருதாணிக்குப் பெரும்பாலும் ஒரே அமைப்புதான். உள்ளங்கை நடுவில் பழைய ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு வட்டம், அதைச் சுற்றிப் புள்ளிகள், பத்து விரல் நுனிக்கும் நகம் மறைகிற மாதிரி ஒரு தொப்பி. தமிழ் பேசும் வீட்டில் மருதாணி என்பார்கள், அடுத்த வீட்டில் கோரிண்டாகு என்பார்கள். கொல்லையில் நிற்கும் செடி ஒன்று, கையில் விழும் வட்டமும் ஒன்று. வேலூர், இராணிப்பேட்டை, திருவள்ளூர்ப் பக்கம் வந்தாலும் இதே வட்டம்தான். கொடியும் மயிலும் மாங்காயும் முழங்கை வரை படரும் ராஜஸ்தானத்துக் கையைப் பார்த்துப் பழகிவிட்ட கண்ணுக்கு இது மிக எளியதாகத் தெரிகிறது. நம் பக்கத்தில் டிசைன் என்று எதுவும் இருந்ததில்லை, இலையை அரைத்து அப்பிக்கொள்வதுதான் வழக்கம் என்று நம்மவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். இந்தத் தீர்ப்பு தவறு. வட்டமும் தொப்பியும் கைத்திறன் போதாமல் வந்தவை அல்ல. பச்சை இலை எப்படிச் சாயம் விடுகிறது, தோல் அதை எங்கே பிடித்துக்கொள்கிறது, அதற்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பதைப் பல தலைமுறைப் பெண்கள் கையால் சோதித்து அடைந்த முடிவு அது. அந்த முடிவை மறந்ததற்கும், இன்று கடையில் விற்கும் கருப்புக் கோனால் தோல் கொப்புளிப்பதற்கும் நேரான தொடர்பு இருக்கிறது.

இலையிலிருந்து தொடங்குவோம். மருதாணிக்குச் சிவப்பைத் தருவது லாசோன் என்ற சேர்மம். காய்ந்த இலையின் எடையில் அது சுமார் ஒரு சதவீதம்தான். பச்சை இலையில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் விழுதில் அதன் பங்கு இன்னும் குறைவு. இலைக்குள் அது நேரடியாகச் சாயமாகவும் இருப்பதில்லை. சர்க்கரையோடு பிணைந்து நிறமற்றுக் கிடக்கிறது. இலை நசுங்கும்போதுதான் அந்தப் பிணைப்பு அறுந்து, சாயத்தின் முன்வடிவம் வெளியே வருகிறது. காற்றுப் பட்டால் அது மாறிக்கொண்டே போகும். முழுதும் மாறுவதற்குள் தோலுக்குள் இறங்கினால்தான் பயன். அம்மியில் மைய அரைப்பதும், அரைத்ததை ஆறவிடாமல் கையில் வைப்பதும், புளியோ எலுமிச்சைச் சாறோ சேர்ப்பதும் இதற்காகத்தான். புளிப்பு அந்த மாற்றத்தைத் தாமதப்படுத்தி, சாயம் கையில் இறங்க அவகாசம் தருகிறது. கூடச் சேர்த்து அரைக்கும் கொட்டைப்பாக்கும் காசுக்கட்டியும் துவர்ப்புச் சரக்குகள். தங்கள் பங்குக்குக் கொஞ்சம் செம்பழுப்பு ஏற்றும். அரைக்கிறவளின் விரல்கள் முதலில் சிவந்துவிடுவது வீடுகளில் கேலிக்குரிய விஷயம், ஆனால் அதில் ஒரு சோதனையும் அடங்கியிருக்கிறது. அரைத்தவள் விரல் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் இலை முற்றல் என்று தெரிந்துவிடும், அப்போதே கொழுந்து பறித்து வரச் சொல்லலாம்.

இப்படி அரைத்த விழுதைக் கொண்டு மெல்லிய கோடு போட முடியாது. போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். எவ்வளவு அரைத்தாலும் பச்சை இலையில் நார் நிற்கும். ஈர்க்குச்சியால் இழுத்தால் கோடு பிசிறும். அதைவிட முக்கியமானது ஈரம். விழுது ஈரமாக இருக்கும்வரைதான் சாயம் தோலுக்கு நகரும். நூல் பருமனில் ஒரு கோடு சில நிமிடத்தில் காய்ந்து உதிர்ந்துவிடும், கீழே வெளிறிய மஞ்சள்தான் மிஞ்சும். கோலிக்குண்டு அளவு உருண்டையை உள்ளங்கையில் வைத்துத் தட்டி, விரல்களை மடக்கி, துணி சுற்றிக் கட்டிவிட்டால் விடியும்வரை அது ஈரமாக இருக்கும். உடம்பின் வெதுவெதுப்பும் அங்கே சேரும். ஆக, சாயம் குறைவாக உள்ள பச்சை விழுதிலிருந்து ஆழ்ந்த சிவப்பை எடுக்கக் கெட்டியான, பரப்புக் குறைந்த, மூடி வைக்கத்தக்க ஒரு வடிவம் தேவை. வட்டம் அந்தத் தேவைக்குக் கிடைத்த விடை. விரல் தொப்பியும் அப்படியே. நுனி விரலைச் சுற்றிலும் அப்பிய விழுது தானாகவே பிடித்துக்கொண்டு நிற்கும், இரவில் புரண்டு படுத்தாலும் எளிதில் நழுவாது.

தோலின் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லாசோன் பிணைவது கெராட்டின் என்ற புரதத்தோடு. தோலின் மேற்புறத்தில் உள்ள இறந்த செல்களின் அடுக்கு முழுவதும் கெராட்டின்தான். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இந்த அடுக்கு உடம்பின் மற்ற இடங்களைவிடப் பல மடங்கு தடிமன். நகமோ முழுக்க முழுக்கக் கெட்டிப்பட்ட கெராட்டின். உள்ளங்கை நடுவும் விரல் நுனியும் நகமும் பாத விளிம்பும் மருதாணி மிக நன்றாகப் பிடிக்கும் இடங்கள் என்று இன்றைய தோலியல் சொல்வதும், நம் பெண்கள் மருதாணி வைக்கத் தேர்ந்துகொண்ட இடங்களும் அப்படியே பொருந்துகின்றன. புறங்கையிலும் முன்கையிலும் அதே விழுதை வைத்தால் ஆரஞ்சு நிறத்தோடு நின்றுவிடும். நகத்தில் ஏறிய சிவப்பு மாதக்கணக்கில் இருக்கும். கைநகம் மாதத்துக்குச் சுமார் மூன்று மில்லிமீட்டர் வளர்கிறது; அடியிலிருந்து வெள்ளைப் பிறை மெல்ல மேலேறி, சிவப்பு நுனிக்குத் தள்ளப்பட்டு, வெட்டும்போதுதான் போகும். கொரியாவில் கோடையில் காசித்தும்பையை நசுக்கிப் படிகாரம் சேர்த்து நகத்தில் கட்டுவார்கள், முதல் பனி விழும்வரை அந்தச் சிவப்பு நகத்தில் மிஞ்சினால் முதற்காதல் கைகூடும் என்பார்கள். காசித்தும்பையிலும் இருப்பது இதே லாசோன். வேறொரு செடி, வேறொரு நாடு. அங்கும் நுனி விரலில் பொதிந்து கட்டி இரவெல்லாம் காத்திருக்கிறார்கள்.

இந்த வட்டாரத்தின் மற்ற தோல் அலங்காரங்களுக்குப் பக்கத்தில் வைத்தால் மருதாணியின் தனித்தன்மை இன்னும் துலங்கும். திருப்பதி தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரையில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேஷம் உண்டு. பைராகி வேஷத்தன்று உடம்பெல்லாம் வெள்ளை நாமக்கட்டி பூசுவார்கள். பண்ட வேஷத்துக்குக் குங்குமம், தோட்டி வேஷத்துக்குக் கரி, தொர வேஷத்துக்குச் சந்தனம். நேர்ந்துகொண்டவர்கள் பூசி, அம்மனைக் கும்பிட்டு, குளித்துக் கழுவிவிடுவார்கள். மறுபுறம் குறத்தியர் குத்திய பச்சை. அது கட்டை ஏறும்வரை கூட வரும். ஒன்றுக்கு ஆயுள் ஒரு நாள், இன்னொன்றுக்கு ஆயுள் முழுவதும். இவற்றுக்கு நடுவே, தோல் தானாக உதிர்ந்து புதுப்பித்துக்கொள்ளும் இரண்டு மூன்று வாரக் காலத்தைத் தன் ஆயுளாகக் கொண்டது மருதாணி. ஒரு கல்யாணமும் மறுவீடும் முடிகிற காலம், ஒரு பண்டிகையிலிருந்து அடுத்த விசேஷம் வரைக்குமான காலம். பூச்சு தோலின் மேல் நிற்கிறது, பச்சை தோலுக்கு அடியில் போகிறது, மருதாணி தோலாகவே ஆகி அதனோடு உதிர்கிறது. வட்டத்தின் விளிம்பு நாள்பட மங்கினாலும் அது வட்டமாகவே இருக்கும். மயிலின் இறகு பத்தாம் நாளில் அழுக்குக் கறை மாதிரி ஆகிவிடும். இது என் ரசனை சார்ந்த கருத்தும்தான். ஆனாலும் மங்கும்போது அழகு கெடாத வடிவம் என்பது மங்கும் சாயத்துக்கு ஏற்ற வடிவம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். தென்னாட்டவருக்கு நுண்ணிய கோடு வரையவே தெரியாது, அதனால்தான் வட்டத்தோடு நின்றார்கள், பிறகு அதற்கு அறிவியல் காரணம் கற்பிக்கிறோம் என்பது. இலக்கியச் சான்று இதற்கு எதிராக இருக்கிறது. கலித்தொகை முதலிய சங்க நூல்களில் வரும் தொய்யில், பெண்ணின் தோளிலும் மார்பிலும் குழம்பு கொண்டு எழுதிய சித்திரம். கரும்பும் கொடியும் எழுதினார்கள். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவியின் அடிக்கு அலத்தகம் என்ற செம்பஞ்சுக் குழம்பு ஊட்டப்படுகிறது. வாசலில் தினமும் அரிசிமாவால் இழை பிசகாமல் சிக்குக் கோலம் போடும் கைகளுக்குக் கோடு வராது என்று சொல்வதும் எடுபடாது. கோடு வேண்டிய இடத்தில், கோடு போட இடம் தரும் பொருளால், கோடு போட்டார்கள். சந்தனக் குழம்பு பூசியதும் காயும், காய்ந்ததும் தெரியும், அதற்கு இரவு முழுவதும் ஈரம் தேவையில்லை. மருதாணி இலைக்கு வேறு குணம், ஆகவே அதற்கு வேறு வடிவம்.

கோன் மருதாணி இந்தக் கணக்கை எப்படி மாற்றியது? ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் உள்ள சோஜத் இந்தியாவின் மருதாணி விளைச்சலுக்கும் வணிகத்துக்கும் பேர்போன ஊர்; சோஜத் மெஹந்திக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மழை குறைந்த அந்த மண்ணில் விளையும் இலையைக் காயவைத்து, பொடித்து, துணியில் சலித்து எடுக்கிறார்கள். நீர் போன பொடியில் சாயம் செறிந்திருக்கும், நார் சலிப்பில் போய்விடும். எலுமிச்சைச் சாறு விட்டுக் குழைத்துச் சில மணி நேரம் ஊறவைத்தால் ஊசித் துளை வழியாகவும் இழுபடும் குழம்பு கிடைக்கும். சர்க்கரை கலந்தால் கோடு காய்ந்து உதிராமல் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வடக்கின் கோட்டுச் சித்திரமும், ஆக, அதன் மூலப்பொருள் இடம் கொடுத்ததால் வளர்ந்த கலைதான். அதைத் தாழ்த்திச் சொல்ல ஒன்றுமில்லை. 1990களில் இந்திப் படக் கல்யாணங்கள், குறிப்பாக 1995இல் வந்த 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே', மெஹந்தி இரவை நாடு முழுவதும் கொண்டு சேர்ப்பதில் பெரும்பங்கு வகித்தன. சித்தூர், திருப்பதிக் கல்யாண மண்டபங்களில் இன்று மணப்பெண்ணுக்கு முழங்கை வரை வரைகிறவர்கள் அந்த வழியில் வந்தவர்கள். பொடி தூய்மையானதாகவும், பொறுமைக்கு இடம் தருவதாகவும் இருக்கிறவரை அதுவும் மருதாணிதான்.

சிக்கல் மூன்றாவது கட்டத்தில் வருகிறது. கோட்டின் அழகை மட்டும் வைத்துக்கொண்டு நேரத்தை நீக்கிவிடுவோம் என்று சந்தை முடிவு செய்தது. பத்து நிமிடத்தில் கருஞ்சிவப்பு, அரை மணியில் கருப்பு என்று விற்கும் கோன்களில் உள்ள நிறம் மருதாணியின் நிறமாக இருக்க வழியில்லை. உண்மையான மருதாணியைக் கழுவியதும் தெரிவது ஆரஞ்சுதான். அது கருஞ்சிவப்பாக முதிர ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். அது தோலில் ஒருபோதும் கன்னங்கரேல் என்று ஆகாது. 'கருப்பு மருதாணி' என்று விற்பவற்றில் பெரும்பாலும் இருப்பது தலைச்சாயத்தில் பயன்படும் பாரா-ஃபினிலின்டையமின், சுருக்கமாகப் பி.பி.டி. தோல் ஒவ்வாமையைத் தூண்டுவதில் பெயர்பெற்ற இந்த வேதிப்பொருளை அமெரிக்கத் தொடு-ஒவ்வாமைத் தோல்நோய் மருத்துவர் சங்கம் 2006இல் அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் தலைச்சாயத்தில் இரண்டு சதவீதம் வரை மட்டுமே அதை அனுமதிக்கிறது, தோலில் பூசுவதற்கு அனுமதியே இல்லை. கோடு போட்ட வழியே கொப்புளம் எழும்பி, ஆறிய பிறகும் அதே கொடியும் பூவும் வெளுத்த தழும்பாக நிற்பது தோல் மருத்துவர்கள் அடிக்கடி பதிவு செய்யும் ஒன்று. இதைவிடக் கவலைக்குரியது, ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டால் அது வாழ்நாள் முழுவதும் தொடரும் என்பது. எட்டு வயதில் பண்டிகைக்குக் கருப்புக் கோன் வைத்துக்கொண்ட சிறுமிக்கு நாற்பது வயதில் தலைச்சாயம் பூசும்போது முகம் வீங்கலாம். சில மரப்பு மருந்துகளும் துணிச் சாயங்களும்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

2012 ஆகஸ்டில், ரம்ஜானுக்கு முந்திய இரவில், தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களிலும் ஒரு வதந்தி பரவியது. கோன் மருதாணி வைத்துக்கொண்டவர்கள் உயிருக்குப் போராடுகிறார்கள் என்றார்கள். கை சிவந்த பெண்களும் பிள்ளைகளும் கூட்டங்கூட்டமாக மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். பெரும்பாலோருக்குப் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. அதை வெறும் வதந்தி என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் கையில் வைத்திருப்பது என்னவென்று தெரியாத ஒருத்தியால் அன்றிரவு அந்த வதந்தியை எப்படி மறுத்திருக்க முடியும்? கொல்லைச் செடியில் கொழுந்து கிள்ளி, இன்ன பாக்கு, இன்ன புளி என்று போட்டு அரைத்தவளை அந்தச் செய்தி அசைத்திருக்காது. வீட்டு மருதாணியோடு நாம் இழப்பது ஒரு வடிவத்தை மட்டுமல்ல, தன் தோலின் மேல் இருப்பது இன்னதென்று அறிந்திருக்கும் தெளிவையும்தான்.

நேரத்தைப் பற்றிப் பேசினால் அது யாருடைய நேரம் என்ற கேள்வி வரும், வரவும் வேண்டும். இரண்டு கையிலும் மருதாணியைக் கட்டிக்கொண்ட பெண் அடுப்பை மூட்ட முடியாது, பாத்திரம் தேய்க்க முடியாது, சோற்றைக்கூட யாராவது ஊட்ட வேண்டும். ஓய்வில்லாத பெண்ணுக்கு இது வழக்கம் தந்த ஓய்வு என்று புகழ்கிறவர்கள் உண்டு. நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். மருதாணி ஏன் இரவில் வைக்கப்பட்டது? பகலின் வேலை விட்டுக்கொடுக்கவில்லை என்பதால். பிள்ளைகளுக்கும் நாத்தனார்களுக்கும் வைத்துவிட்டு, அடுப்படியைக் கழுவிவிட்டு, மிஞ்சிய விழுதைக் கடைசியில் தன் இடது கையில் மட்டும் அப்பிக்கொண்டு படுக்கும் தாய் எல்லா வீட்டிலும் இருந்தாள். அம்மியில் அரைத்த தோள்வலியும் அவளுடையதே. உடனடிக் கோனை வாங்கும் பெண்ணைச் சோம்பேறி என்று பழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அவளுக்கு இல்லாத நேரத்தைத்தான் அந்தக் கோன் விற்கிறது.

ஆனால் ஆஷாடத்தை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் ஒன்று புரியும். தெலுங்குக் குடும்பங்களில் ஆஷாட மாதம் புது மருமகளும் மாமியாரும் ஒரே வாசற்படி தாண்டக்கூடாது என்று பெண் தாய்வீட்டுக்கு வந்துவிடுவாள். அந்த மாதத்தில் ஒருமுறையாவது கோரிண்டாகு வைக்க வேண்டும். தமிழ்க் குடும்பங்களில் ஆடிக்கு அழைப்பதும் ஏறக்குறைய இதே காலம். ஆஷாடம் பெரும்பாலும் ஆடி அமாவாசையோடு முடியும் என்பதால், எல்லையோரத்து இருமொழிக் குடும்பங்களில் இரண்டு வழக்கமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடுகின்றன. கட்டிய கைக்கு உண்மையான ஓய்வு கிடைப்பது அங்கேதான். மாமியார் வீட்டு வேலை இல்லை, ஊட்டிவிட அம்மா இருக்கிறாள், இரவு மட்டுமல்ல, வேண்டுமானால் பகலிலும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம். ஆஷாட மருதாணிக்கு மழைக்கால நோய் தடுக்கும், உடற்சூடு தணிக்கும் என்று சொல்லப்படும் காரணங்களை விட, இந்த ஏற்பாடு எனக்கு வலுவான காரணமாகப் படுகிறது. மழை கண்டு செடி துளிர்த்திருக்கும், கொழுந்து கைக்கு எட்டும் என்பதும் உண்மை. அதற்கு மேல் மருத்துவப் பெருமை பேசத் தேவையில்லை. அப்படியே, நன்றாகச் சிவந்தால் கணவனுக்குப் பிரியம் அதிகம் என்ற பேச்சும். சிவப்பு தோலின் தடிமனையும் கையின் வெப்பத்தையும் இலையின் இளமையையும் பொறுத்தது. சிவக்காத கையைப் பார்த்து ஒரு புதுப்பெண் மனம் சுருங்க வேண்டியதில்லை.

இயற்கையானது என்பதாலேயே இலை எல்லாருக்கும் பாதுகாப்பு என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. என் வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய மிகக் கனமான மறுப்பு இதுதான், நான் அதை ஏற்கிறேன். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு லாசோனே சிவப்பணுக்களைச் சிதைக்கும். பச்சிளம் குழந்தையின் மெல்லிய தோலில் மருதாணியைப் பரவலாகப் பூசியபின் கடுமையான இரத்தச்சோகையும் மஞ்சள்காமாலையும் கண்ட நிகழ்வுகள் மேற்காசியாவிலிருந்து மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. இந்தியாவிலும் அந்தக் குறைபாடு உள்ளவர்கள் பலர். ஆகவே பெயர்சூட்டு விழாவில் அழகுக்காகக் கைக்குழந்தையின் பாதத்தில் மருதாணி வைப்பதை விட்டுவிட வேண்டும். அது வீட்டுச் செடியில் பறித்ததாகவே இருந்தாலும் சரி. வளர்ந்தவரின் தடித்த உள்ளங்கையில் சிறிய ஒரு வட்டம் வேறு, குழந்தையின் உடம்பில் பரவலான பூச்சு வேறு. எந்த இடம், எவ்வளவு பரப்பு என்பதும் வட்டத்துக்குள் அடங்கிய அறிவின் பகுதி என்று இங்கே தெரிகிறது.

2024 டிசம்பரில் பதினாறு அரபு நாடுகள் கூட்டாக விண்ணப்பித்ததன் பேரில் மருதாணி சார்ந்த சடங்குகளையும் அழகியலையும் யுனெஸ்கோ மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் பக்கத்தில் அப்படியொரு பதிவைச் செய்ய முன்வருகிறவர்கள் கைகளின் புகைப்படத்தோடு நின்றுவிட்டால் வட்டம், புள்ளி, தொப்பி என்று மூன்றே சொற்களில் வேலை முடிந்துவிடும். எந்தச் செடியில், எந்தப் பருவத்தில், எத்தனையாவது இலை வரை கிள்ளினார்கள், பாக்கு எவ்வளவு, புளி எவ்வளவு, எத்தனை நாழிகை கட்டி வைத்தார்கள், முதலில் யார் கைக்கு, கடைசியில் யார் கைக்கு வைத்தார்கள் என்பதை எழுத வேண்டும். கங்காதர நெல்லூர் மாதிரி ஊர்களில் அதைக் கேட்டுச் சொல்லக்கூடிய பாட்டிகள் இரண்டு மொழியிலும் இருக்கிறார்கள். கோட்டுச் சித்திரம் விரும்பும் பேத்திக்கும் வழி இருக்கிறது. வேறெதுவும் கலவாத சலித்த மருதாணிப் பொடியை வாங்கி, எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, சர்க்கரை சேர்த்து, கண்ணாடித்தாளைச் சுருட்டி வீட்டிலேயே கோன் செய்துகொள்ளலாம். மாலையில் வரைந்தால் மறுநாள் காலை ஆரஞ்சாகவும் அதற்கு அடுத்த நாள் கருஞ்சிவப்பாகவும் இருக்கும். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாக வைத்தால் போதும்.